குளிருக்குத் தெற்கே போனால் காசு மிச்சமா?

அக்டோபர் நடுவில், புல்தரையில் முதல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில், எதிர்வீட்டுப் பெரியவர் கையில் ஒரு மஞ்சள் தாளோடு வந்து கதவைத் தட்டினார். வயது 68. அவர் மனைவிக்கு 66. இரண்டு பேருமே ஓய்வு பெற்றுவிட்டார்கள். "உனக்கு எக்செல் நல்லா வருமே, இதைக் கொஞ்சம் பாரு" என்று தாளை நீட்டினார். ஒரு பக்கம் "வீட்டில் இருந்தால்", மறுபக்கம் "ஆர்.வி.யில் போனால்" என்று எழுதியிருந்தார். வீட்டுப் பக்கத்தில் முதல் வரி ஹீட்டிங் பில். அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார்.

நான் இருப்பது மினசோட்டாவில், மினியாபொலிஸ் புறநகர். இங்கே நவம்பர் வந்தால் தெருவில் பாதிப்பேர் இந்தப் பேச்சுத்தான் பேசுவார்கள். பறவைகள் மாதிரி குளிருக்குப் பயந்து தெற்கே போகிறவர்களுக்கு 'ஸ்னோபேர்ட்' என்று பெயர். அதில் ஒரு பெரிய கூட்டம் ஆர்.வி.யில் போகும். ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக: ஆர்.வி. என்றால் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. பஸ் மாதிரி தானே ஓடுவது மோட்டார்ஹோம். பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவது ட்ரெய்லர். "வீட்டுல உட்கார்ந்து கேஸுக்குக் கொட்டிக் கொடுக்கறதுக்கு, அந்தக் காசுல அரிசோனா வெயில்ல உட்காரலாமே" என்பது இவர்கள் எல்லாரும் சொல்லும் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர் பார்த்து வைத்திருந்த வண்டியின் விலை 62,000 டாலர். அவர்களுடைய சேமிப்பில் அது ஒரு பெரிய துண்டு. அதனால் விளையாட்டாகப் போட்டுக் கொடுக்கிற கணக்கு இல்லை இது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

வட்டம் போட்ட ஹீட்டிங் பில்லில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது.

அவர் வீட்டில் நவம்பரில் இருந்து மார்ச் வரை ஐந்து மாத கேஸ் பில் மொத்தம் 750 டாலர் சொச்சம். தெற்கே போனால் இந்த 750 மிச்சம் என்று தாளில் எழுதியிருந்தார். ஆனால் மினசோட்டாவில் வீட்டை அணைத்துவிட்டுப் போக முடியாது. குழாயில் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, வசந்தத்தில் திரும்பி வந்தால் வீடு நீச்சல்குளமாக இருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்களும் வீட்டில் சூடு இருந்ததா என்று கேட்பார்கள். இல்லை என்றால் பணம் தராமல் போக வாய்ப்பு அதிகம். குழாய்களை முழுக்க வடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மற்றவர்கள் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 13 செல்சியஸில், வைத்துவிட்டுப் போவார்கள்.

இப்போது பள்ளிக்கூட இயற்பியல். வீட்டில் இருந்து வெளியேறும் வெப்பம், உள்ளே எவ்வளவு வெளியே எவ்வளவு என்ற வித்தியாசத்தைப் பொறுத்தது. மினியாபொலிஸில் அந்த ஐந்து மாதச் சராசரி சுமார் 25 டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே 70 வைத்தால் வித்தியாசம் 45. உள்ளே 55 வைத்தால் வித்தியாசம் 30. ஆக மிச்சமாவது மூன்றில் ஒரு பங்கு. 750-இல் 250 டாலர். அதுகூடக் கொஞ்சம் தாராளமாகச் சொன்னது. மனிதர்கள் நடமாடும் வீட்டில் சமையல், விளக்கு, ஃப்ரிட்ஜ், மனித உடம்பு எல்லாமே கொஞ்சம் சூடு கொடுக்கும். காலி வீட்டில் அது கிடையாது.

250 டாலர் என்றதும் பெரியவர் முகம் விழுந்துவிட்டது. வட்டத்தை அழிக்கப் போனார், நான்தான் இருக்கட்டும் என்றேன். நியூ இங்கிலாந்து பக்கம் எண்ணெயில் சூடேற்றும் வீடுகளில் பில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். கிராமப்புறங்களில் ப்ரொப்பேன் டேங்க் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு மிச்சம் கொஞ்சம் கூடும். ஆனால் எந்த வீட்டிலும் ஹீட்டிங்கில் மிச்சமாகும் காசு ஒரு ஆர்.வி.யைக் கட்டி இழுக்காது.

மற்ற மிச்சங்கள்: மின்சாரம் 200, தண்ணீர் 100, பனி அள்ளும் ஆளுக்கு 350, இன்டர்நெட்டை நிறுத்தி வைத்தால் 250. எல்லாம் சேர்த்து வீட்டுப் பக்கம் மிச்சம் 1,150 டாலர். சாப்பாட்டுச் செலவை நான் எடுக்கவில்லை, எங்கே இருந்தாலும் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். சொத்து வரி, வீட்டு இன்ஷூரன்ஸ், கூரை, குப்பை எதுவும் குறையாது. வீட்டுக்கு நாம் உள்ளே இருக்கிறோமா இல்லையா என்று தெரியாது, அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

அடுத்து வண்டிப் பக்கம். இதில் வருகிற எண்கள் எல்லாம் இவர் ஒருத்தருடைய வண்டிக்கும் வீட்டுக்கும் போட்டவை, உங்கள் எண் வேறாக இருக்கும்.

அவர் பார்த்து வைத்தது எட்டு வருடம் ஓடிய, 31 அடி நீளப் பெட்ரோல் மோட்டார்ஹோம். இன்னும் எட்டு வருடம் வைத்திருந்து 26,000-க்கு விற்றால் வருடத்துக்கு 4,500 டாலர் மதிப்பு கரைகிறது. இந்த ஒரு வரி அவர் தாளில் இல்லவே இல்லை. யார் தாளிலும் இருக்காது, ஏனென்றால் இதற்கு மாதா மாதம் பில் வராது. புது வண்டி வாங்கியிருந்தால் இன்னும் மோசம். கடையை விட்டு வெளியே வந்த முதல் வருடத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களே போடுகிற கணக்கு. 62,000-ஐ வங்கியில் 4 சதவீதத்தில் போட்டிருந்தால் வருடம் 2,480 வந்திருக்குமே என்றும் ஒரு வரி போடலாம். அவர் மனசு உடைந்துவிடும் என்று அதை விட்டுவிட்டேன்.

இன்ஷூரன்ஸும் பதிவும் 1,300. ரிப்பேர், டயர் 1,800. டயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.வி. டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே வயதாகிச் சாகிறது. பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் ஆறேழு வருடத்தில் மாற்றியே ஆகவேண்டும். ஆறு டயர். எங்கள் ஊர் விதிப்படி இந்த நீளத்து வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தக்கூடாது, அதனால் மீதி ஏழு மாதம் வாடகைக் கொட்டகை, 560. பெட்ரோல்: இங்கிருந்து அரிசோனாவின் குவார்ட்ஸைட் போக ஏறத்தாழ 1,800 மைல். போய்வர, அங்கே இங்கே சுற்ற என்று 4,000 மைல். இந்த வண்டி ஒரு கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தால் பெரிய விஷயம். 500 கேலன், 3.50 டாலர் வீதம் 1,750. தங்கும் பார்க்கில் மாதம் 700, மின்சார மீட்டருக்கு 60, ஐந்து மாதத்துக்கு 3,800.

கூட்டினால் 13,710. வீட்டு மிச்சம் 1,150-ஐக் கழித்தால் 12,560 டாலர். மிச்சம் இல்லை, செலவு. மாதத்துக்கு 2,500 டாலர் கொடுத்து வெயில் வாங்குகிறார்.

"அப்ப எல்லாரும் முட்டாளா?" என்று கேட்டார். இல்லை. கேள்வியை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம். வீட்டிலேயே இருப்பதோடு ஒப்பிட்டால் ஆர்.வி. தோற்கிறது. எப்படியும் ஐந்து மாதம் தெற்கே இருக்கப் போகிறோம், விமானத்தில் போய் வாடகைக்கு ஒரு சின்ன அபார்ட்மென்ட் எடுப்போமா, வண்டியில் போவோமா என்று ஒப்பிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது. மாதம் 2,000 வாடகை என்றால் 10,000, விமானம், அங்கே ஓட்டக் கார் எல்லாம் சேர்த்தால் 12,000-ஐத் தாண்டிவிடும். ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மதிப்பு கரைய இனி ஒன்றும் இல்லை, அவர்களுக்குக் கணக்கு இன்னும் இளகும். தெருமுனையில் இருக்கும் நண்பர் "நான் மிச்சம் பிடிக்கிறேன்" என்று சொல்வது பொய் இல்லை. அவர் 15 வருடத்துக்கு முன்னால் வாங்கிய வண்டிக் காசை மறந்துவிட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான்.

உண்மையாகவே பணம் மிச்சம் பிடிக்கிற ஸ்னோபேர்ட் ஒரு வகை உண்டு. அவர்களுக்கு மிச்சமாவது வருமான வரி. மினசோட்டாவில் மாநில வரியின் உச்ச விகிதம் 9.85 சதவீதம். ஃப்ளோரிடா, டெக்சாஸ், பக்கத்து வீடான தெற்கு டகோட்டா மூன்றிலும் மாநில வருமான வரியே கிடையாது. பெரிய வருமானம் உள்ளவர்கள் நிரந்தர முகவரியை ஃப்ளோரிடாவுக்கு மாற்றிக்கொண்டு, இங்கே 183 நாளைத் தொடாமல் எண்ணிக்கொண்டு வாழ்வார்கள். எங்கள் பெரியவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர்களுடைய வருமானத்தில் முக்கால்வாசி சோஷியல் செக்யூரிட்டி. தம்பதியின் வருமானம் 100,000 டாலருக்குள் இருந்தால் மினசோட்டா 2023-இல் இருந்து அதற்கு வரியே போடுவதில்லை. முகவரியை மாற்றினால் சொந்தக் குடியிருப்புக்குக் கிடைக்கும் சொத்துவரிச் சலுகையும் போகும். இல்லாத வரியை மிச்சம் பிடிக்கப் போய் இருக்கிற சலுகையை விட்ட கதையாகிவிடும்.

அடுத்து அவர் கேட்டது குவார்ட்ஸைட் பாலைவனம். "அங்க 180 டாலருக்கு முழு சீசனும் தங்கலாமாமே?"

தங்கலாம். கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் பாலைவன நிலத்தில் நீண்டகாலத் தங்கல் பகுதிகள் வைத்திருக்கிறது. செப்டம்பர் 15-இல் இருந்து ஏப்ரல் 15 வரை ஏழு மாதம். பல வருடங்களாக முழு சீசனுக்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்றுதான் வாங்கினார்கள். குவார்ட்ஸைட் பக்கத்து லா போஸாவில் தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம், குப்பை போடலாம். மின்சாரம் இல்லை. அதற்கு வெளியே பொதுநிலத்தில் பெரும்பாலான இடங்களில் காசே இல்லாமல் தங்கலாம், ஆனால் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் கூடாது. ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் 2,400 பேர்தான். ஜனவரியில் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வண்டிக் கூரைகள். (இந்த ஊர் இடுகாட்டில் பிரமிட் வடிவத்தில் ஒரு சமாதி இருக்கிறது, மேலே ஒட்டகச் சிலை. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டிப் பார்க்கலாம் என்று இறக்குமதி செய்தபோது கூட வந்த ஹாஜி அலி என்பவருடையது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது.)

பாலைவனக் கணக்கு: பார்க் வாடகை 3,800 போய் 180 வரும். கூடவே ப்ரொப்பேனுக்கும் ஜெனரேட்டருக்கும் 400, லாண்டரி மாதிரிச் செலவுகளுக்கு 300. சோலார் பேனலும் பேட்டரியும் 3,000, எட்டு வருடத்துக்குப் பிரித்தால் 375. மொத்தத்தில் 2,545 டாலர் இறங்குகிறது. அப்போதும் 10,000 டாலர் பற்றாக்குறை அப்படியே நிற்கிறது. பாலைவனத்தில் ஜனவரி ராத்திரி 5 செல்சியஸ் வரை இறங்கும், ஆர்.வி. சுவரோ அட்டை மாதிரி மெல்லிசு. அங்கேயும் ஹீட்டர் போடத்தான் வேண்டும்.

தங்கும் இடத்தை எவ்வளவு மலிவாக்கினாலும் கணக்கு ஏன் மடங்கவில்லை என்று தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு குடித்தனம் நடக்கிறது. ஒன்று காலியாக இங்கே, ஒன்று சக்கரத்தின் மேல் அங்கே. ஒன்றை விட்டால் ஒழிய மிச்சம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த மேசையில் நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததை அவர் மனைவியே சொன்னார். "வீட்டை வித்துட்டா?"

போட்டோம். அந்த வீட்டுக்கு வருடச் செலவு: சொத்து வரி 3,800, இன்ஷூரன்ஸ் 2,400, கேஸ், மின்சாரம், தண்ணீர், குப்பை 3,600, ரிப்பேர் 3,000. மொத்தம் 12,800. இது முழுக்கப் போய்விடும். ஆனால் வண்டியில் இனி பன்னிரண்டு மாதமும் இருக்கவேண்டும். முன்னால் சொன்ன 13,710-இல் கொட்டகை வாடகை போக 13,150. கோடையில் ஏழு மாதம் பார்க் 5,600, கூடுதல் பெட்ரோல் 700, தபால் முகவரிக்கும் இன்டர்நெட்டுக்கும் 600. வருடம் 20,050. அட, அப்போதும் வீடே மலிவு! வீடு விற்று வரும் 300,000-ஐ 4 சதவீதத்தில் போட்டு வட்டி 12,000 வந்தால்தான் நிகரச் செலவு 8,050 ஆகி வண்டி ஜெயிக்கிறது. அந்த வீட்டின் விலை ஏறியிருந்தால் அது இனி நமக்கு இல்லை. பத்து வருடம் கழித்து இதே தெருவில் திரும்ப வீடு வாங்க அந்தப் பணம் போதுமா என்பதும் கேள்வி.

பழைய சின்ன ட்ரெய்லர், குளிருக்குப் பாலைவனம், கோடைக்கு அரசாங்கக் கேம்ப்கிரவுண்டில் 'ஹோஸ்ட்' வேலை என்று போனால் வருடம் 6,000-க்குள் முடிக்கலாம். ஹோஸ்ட் என்றால் தங்க இடம் இலவசம், பதிலுக்கு வாரம் 20, 30 மணி நேரம் கழிப்பறை கழுவி, வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, குப்பை அள்ளவேண்டும். இதை இலவசம் என்று எழுதுகிறவர்கள் தங்கள் முதுகுக்கு விலை போடவில்லை.

இப்படி வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது குளிருக்குப் பயந்து எடுத்த முடிவே கிடையாது. 2008 வீட்டுச் சரிவுக்குப் பிறகு வீடு போனவர்கள், சோஷியல் செக்யூரிட்டியில் வாடகை கட்ட முடியாதவர்கள். ஜெசிகா ப்ரூடர் 2017-இல் எழுதிய 'நோமாட்லேண்ட்' இவர்களைப் பற்றியதுதான். பின்னால் படமாகி ஆஸ்கர் வாங்கியது. அதில் வருகிற வேலைகளில் ஒன்று எங்கள் மாநிலத்து வேலை. மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடுவே ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு அக்டோபரும் சர்க்கரைக் கிழங்கு அறுவடை. 12 மணி நேர ஷிஃப்ட், குளிர், சேறு. தெற்கே போகும் வழியில் அதை முடித்துவிட்டுத்தான் பல ஆர்.வி.க்காரர்கள் பாலைவனத்துக்குப் போகிறார்கள். அமேசான் நிறுவனமும் கிறிஸ்துமஸ் நெரிசலுக்குக் கிடங்கு வேலைக்கு 'கேம்பர்ஃபோர்ஸ்' என்ற பெயரில் இவர்களைப் பல வருடம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆர்.வி.யில் காசு மிச்சம் பிடிக்க முடியும் என்பதற்கு இவர்களே அத்தாட்சி. எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மருத்துவத்துக்கு வருகிறேன். இதை நான் கடைசியில் வைத்தது தப்பு, முதலில் பார்த்திருக்கவேண்டும். அரசாங்கத்தின் அசல் மெடிகேர் நாடு முழுக்க, அதை ஏற்கும் எந்த டாக்டரிடமும் செல்லும். பெரியவரிடம் இருந்தது தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ். பிரீமியம் குறைவு, ஆனால் டாக்டர்கள் எல்லாம் இந்த வட்டாரம். அரிசோனாவில் அவசர சிகிச்சைக்குக் கொடுப்பார்கள். சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் மாதா மாதம் பார்ப்பதற்கு அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வட்டாரத்தை விட்டுப் போனால் திட்டத்தில் இருந்தே எடுத்துவிடலாம். அக்டோபர் 15-இல் இருந்து டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அசல் மெடிகேருக்குத் திரும்பினால் அதன் ஓட்டைகளை அடைக்க ஒரு துணை பாலிசி வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அந்த பாலிசிக்காரர்கள் உடம்பு நிலையைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். 68 வயதில், சர்க்கரையோடு, அது சின்ன விஷயம் இல்லை.

மருத்துவத்திலேயே ஒரு மிச்சமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அசல் மெடிகேர் சாதாரணப் பல் வைத்தியத்துக்குக் கொடுப்பதில்லை. அரிசோனாவின் யூமா பக்கத்தில் எல்லையைத் தாண்டினால் மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனெஸ். சின்ன ஊர், நூற்றுக்கணக்கான பல் டாக்டர்கள். காலையில் நடந்தே எல்லையைத் தாண்டிப் போய், பல் கட்டிக்கொண்டு, மருந்து வாங்கிக்கொண்டு, மத்தியானம் திரும்பி வரிசையில் நிற்கும் வெள்ளைத்தலைகள் குளிர்காலம் முழுக்க உண்டு. டெக்சாஸ் பக்கம் போகிறவர்களுக்கு நுவேவோ ப்ரோக்ரெசோ. இரண்டு மூன்று பல் கட்டவேண்டி இருந்தால் அந்த வருடம் மட்டும் பயணச் செலவு அதிலேயே திரும்பி வந்துவிடும்.

கனடாவில் இருந்து படிப்பவர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நாள் கணக்குத்தான் எல்லாம். ஒன்டாரியோ மருத்துவ அட்டை உயிரோடு இருக்கவேண்டுமானால் பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கக்கூடாது. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவர்கள் தருவது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் அது காலை நேரத்துக்குக்கூடக் காணாது, பயண இன்ஷூரன்ஸ் கட்டாயம். எழுபது வயதுக்கு மேல் அந்த பிரீமியம் ஒன்றே ஹீட்டிங் மிச்சத்தை விழுங்கிவிடும். அமெரிக்க வரிக்காரர்கள் இந்த வருட நாட்களோடு போன வருடத்து நாட்களில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்தின வருடத்தில் ஆறில் ஒன்று சேர்த்து 183 வருகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கெல்லாம் மேலே ஒன்று: குறைந்த வருமான உதவித்தொகை வாங்கும் முதியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு இருந்தால் அது நின்றுவிடும். வயதான பிறகு வந்து சேர்ந்த ஸ்கார்பரோ அம்மா அப்பாக்களில் பலர் அந்தத் தொகையை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்கள் போகும் தெற்கு அரிசோனா இல்லை, யாழ்ப்பாணமும் சென்னையும். ஆனால் நாள் எண்ணும் விதி ஒன்றேதான்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை வயசு வரைக்கும் ஓட்டலாம்?" என்றார். அதற்கு என் எக்செலில் வரிசை இல்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நாலு வருடத்துக்கு முன்னால் யூமாவில் இருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். அவர் மனைவி அந்த 34 அடி வண்டியை ஒரு நாள்கூட ஓட்டியதில்லை. காரைத் தனியாக, வண்டியைத் தனியாக ஆள் வைத்துக் கொண்டுவருவதா, அங்கேயே விற்பதா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வந்த விலைக்கு விற்றார். அவர்களுக்கு இங்கே ஒரு வீடு இருந்தது, திரும்பி வந்து சேர்ந்தார்கள். வீடு இல்லாதவர்களுக்கு? டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் 'எஸ்கேப்பீஸ்' என்று ஒரு ஆர்.வி. சங்கம் இருக்கிறது, 1978-இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதி தொடங்கியது. ஓட்ட முடியாமல் போன உறுப்பினர்கள் வண்டியை அங்கே நிரந்தரமாக நிறுத்திவிட்டு, அதிலேயே வாழ்ந்துகொண்டு, சாப்பாடும் பகல்நேரப் பராமரிப்பும் பெற அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. சங்கமே தன் மக்களுக்காகக் கட்டியது. இதைச் சொன்னபோது அவர் மனைவி அந்த ஊர்ப் பெயரைத் தாளின் மூலையில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் 62,000 டாலர் வண்டியை அவர்கள் வாங்கவில்லை. வீட்டையும் விற்கவில்லை. 14,000-க்கு ஒரு பழைய ட்ரெய்லர் எடுத்தார்கள், இழுக்க அவருடைய பிக்கப் ஏற்கெனவே இருக்கிறது, நிறுத்த வீட்டுப் பின்பக்கம் இடமும் இருக்கிறது. போனது டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கு. அரிசோனாவை விடப் பக்கம், வழியெல்லாம் ஏறக்குறைய ஐ-35 நெடுஞ்சாலை, பார்க் மாதம் 500. போகிற வழியில் ராணுவப் பொறியாளர் பிரிவின் ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டுகளில் தங்கினால், 62 வயது தாண்டியவர்களுக்கு 80 டாலரில் கிடைக்கும் ஆயுள் பாஸைக் காட்டிப் பாதிக் கட்டணம். மதிப்பு கரைவது 1,000, இன்ஷூரன்ஸ் 300, ரிப்பேர் 700, பெட்ரோல் 1,020, பார்க்கும் மின்சாரமும் 2,750. வீட்டு மிச்சம் கழித்தால் 4,620. மாதம் 924 டாலருக்கு வெயில். "இது மிச்சம் இல்லை, செலவு, ஆனா இந்தச் செலவு எனக்குக் கட்டுப்படி ஆகும்" என்று பெரியவர் தானே தாளில் எழுதிக் கோடு போட்டார்.

நவம்பர் முதல் வாரம் கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை உள்ளே போய் தெர்மோஸ்டாட் 55-இல் இருக்கிறதா, அடுக்களைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவேண்டும், தபாலை எடுத்து மேசையில் வைக்கவேண்டும். நான் போட்ட எக்செலை வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். 'வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள்' என்ற வரிக்கு நேராக 0 என்று நானே போட்டிருந்தேன்.